லேபில் வளர்ந்த மூன்றாவது

அந்த வீட்டில் மகள்கள் இரண்டு பேர்தான். ஆனால் பஸ் ஓட்டும் கணவர் யார் கேட்டாலும், "எங்களுக்கு மூணுங்க. கடைசி லேப்ல வளருது" என்பார். கேட்டவர் திருதிருவென்று முழிப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அவர் சொன்னது மனைவி கண்டுபிடித்த ஏற்பியைப் பற்றி. நரம்புகள் கசியவிடும் ஒரு புரதத் துணுக்கு செல்லின் மேல் போய் உட்காரும் இடம்தான் ஏற்பி. அதில் இரண்டு வகை உண்டு என்பது ஊரறிந்த விஷயம். பார்த்துப் பிரிக்க முடியாது, நடத்தையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். முழுத் துணுக்கைக் கொடுத்தால் இரண்டும் துள்ளும். தலையை நறுக்கி வாலை மட்டும் கொடுத்தால் முதலாவது திரும்பியே பார்க்காது. இரண்டாவதுக்கு ஒரு சொட்டு போதும். அவள் எலியின் சிறுநீர்ப்பைத் தசையை வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டு, துணுக்கின் வாலை ஊற்றியபோது அது இரண்டிலும் சேரவில்லை. சுருங்கியது, ஆனால் பத்து மடங்கு அளவு கேட்டது. இரண்டாவதை அடைக்கும் மருந்துக்கும் சரியாக மசியவில்லை. அப்படியானால் மூன்றாவது!

அவளுடையது வருடா வருடம் நீட்டிக்கும் வேலை. மூன்றாவது இருக்கும்வரை நீட்டிப்பும் இருக்கும் என்று துறைத்தலைவரே சொல்லியிருந்தார்.

மற்றவர்கள் பிளாஸ்டிக் குழாயில் மருந்தைக் கலக்கி, வேலை முடிந்ததும் தூக்கிப் போடுவார்கள். அவளுக்குக் கண்ணாடிதான். தானே கழுவுவாள், தானே காயவைப்பாள்.

"வீட்டுக்காரரையும் கழுவிக் காயவச்சுத்தான் நம்புவீங்களாக்கா?" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

"அவர் கழுவுற கேஸ் இல்லப்பா, ஊறவைக்கிற கேஸ்."

ஒரு திங்கட்கிழமை கட்டடத்தில் தண்ணீர் நின்றுபோனது. கழுவ வழியில்லை. முகம் சுளித்துக்கொண்டே பக்கத்து மேசையிலிருந்து பிளாஸ்டிக் குழாய்களை எடுத்து வாலைக் கலக்கினாள். ஒரே சொட்டுக்குத் தசை வெடுக்கென்று சுருங்கியது. வேறு தசையைத் தொங்கவிட்டாள். அதுவும் அப்படியே. அடைப்பு மருந்தையும் பிளாஸ்டிக்கில் கலந்து கொடுத்துவிட்டு வாலை விட்டாள். தசை அசையவே இல்லை.

அச்சு அசல் இரண்டாவது.

இப்படிப்பட்ட துணுக்குகள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்று அவள் கேள்விப்படாதவள் இல்லை. முழுத் துணுக்கு ஒட்டவில்லை, வால் மட்டும் ஏன் ஒட்டப்போகிறது என்று இருந்துவிட்டாள். தண்ணீர் வந்ததும் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, வேறொரு புரதக் கரைசலால் உட்சுவரை முதலில் அலசினாள். ஒட்டுவதற்கு இனி இடமில்லை. அதில் வாலைக் கலந்து ஒரு சொட்டு விட்டாள். தசை துள்ளியது. இத்தனை வருடமும் பத்து மடங்கு கேட்டது தசை இல்லை. வாலிலும் அடைப்பு மருந்திலும் பெரும்பங்கைக் கண்ணாடி விழுங்கியிருந்தது.

அவள் போய்ச் சொன்னதும் துறைத்தலைவர் தன் அறைக் கதவைச் சாத்தினார். "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"வெள்ளிக்கிழமை நீட்டிப்புக் கூட்டம். அதுவரைக்கும் வாயத் தொறக்காதம்மா. நாலு நாள்ல என்ன குடியா முழுகிடும்?"

"ரெண்டு லேப் இத நம்பி மருந்து தேடிட்டு இருக்காங்க சார். எலி சாகுது, அவங்க ஆயுசும் போகுது."

"நீ முதல்ல உன் பொழப்பப் பாரு."

அவள் தன் மேசைக்கு வந்து, பொழப்பைத்தான் பார்த்தாள். புதுச் சோதனையின் வரைபடங்களை அந்த இரண்டு லேபுக்கும் அனுப்பிவிட்டு, அவருக்கும் ஒரு நகல் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவில்லை.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் சின்ன மகள் வழக்கம்போல ஆரம்பித்தாள். "தங்கச்சி என்ன பண்றாம்மா?"

"அப்படி ஒருத்தி இல்லடி. ரெண்டாவதத்தான் மூணாவதுன்னு நெனச்சுட்டேன்."

"ரெண்டாவதுன்னா நானா?"

பெரியவள் சிரிக்க வாயைத் திறந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"வேலை?" என்றார் கணவர்.

"வெள்ளிக்கிழமை தெரியும். தெரிஞ்ச மாதிரிதான்."

அவர் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் அவள் அவருடைய பஸ்ஸில்தான் போனாள், அவருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து. தினமும் ஏறும் தையல்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்ன டிரைவரே, மூணு பேரும் சௌக்கியமா?" என்றார்.

கணவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுதாங்க," என்று கியரைத் தள்ளினார். "எங்களுக்கு ரெண்டுதான்."