திட்டவில்லை, திருத்தினேன்

திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. ஊர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய விஜயபுரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கி என்னைப் படிக்க வைத்தார்கள்.

போன வருடம் ஆசிரியர் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பை ஆங்கிலத் திறனை வைத்து இரண்டாகப் பிரிக்கும் பேச்சு வந்தது. எல்லைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பதினோரு பேரையும் அப்படியே ‘பி’ பிரிவில் போடச் சொன்னார் தாளாளர். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, இவர்களுக்கு எங்கே ஆங்கிலம் வரப்போகிறது என்பது அவர் கேள்வி.

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, அந்த எண்ணத்திலிருந்து உங்களை ‘டிஸ்அப்யூஸ்’ செய்ய விரும்புகிறேன் சார், என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருவர் தவறாக நம்பிக்கொண்டிருப்பதை எடுத்துக்காட்டி அதிலிருந்து அவரை மீட்பதற்கு அந்தச் சொல். அதிகம் புழங்காது. தாளாளர் காதில் விழுந்தது பின்பாதியான ‘அப்யூஸ்’ மட்டும். அதற்கு அர்த்தம் திட்டுவது.

“ஏமன்னாவு?” என்ன சொன்னாய் என்று தெலுங்கில் கத்திக்கொண்டே எழுந்துவிட்டார். “என்னைத் திட்டுகிறாளா?” என்று சுற்றியிருந்தவர்களைக் கேட்டார். தலைமையாசிரியை போனில் அகராதியைத் தேடி அர்த்தத்தை வாசித்துக் காட்டினார். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு காரியம் கெட்டது. சாயங்காலத்துக்குள் மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தாளாளர் வெளியேறினார்.

நகரியிலிருந்து வரும் கணக்கு ஆசிரியர் என்னிடம் வந்தார். “இன்னாத்துக்குமா வம்பு வளத்துக்கினு? ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு.”

“திட்டியிருந்தா எழுதிக் குடுப்பேன் சார். நான் திட்டலியே.”

“வேல போய்ட்டா?”

“போனா போட்டும்.”

கடிதம் எழுதினேன், மன்னிப்பு இல்லாமல்: நான் உங்களைத் திட்டவில்லை. உங்கள் எண்ணம் தவறு என்றேன், இப்போதும் அதையே சொல்கிறேன். வகுப்பு முழுவதற்கும் ஒரே வினாத்தாள் கொடுங்கள். மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரியுங்கள்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் தலைமையாசிரியை தேர்வு வைத்தார். விடுதிப் பிள்ளைகளில் ஏழு பேர் ‘ஏ’ பிரிவுக்குப் போனார்கள். நான்கு பேர் போகவில்லை. அதையும் மறைக்க மாட்டேன்.

என்னை ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்து மூன்றாம் வகுப்புக்கு மாற்றினார் தாளாளர். போனேன். அந்த நான்கு பேருக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் எடுக்கிறேன். அதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.