கழுதைக் கோச்சின் இடது காது

டன்லீத்தில் என் புருஷன் ஹாலிஸ் ட்ரெடவேயை இரண்டு விதமாகத் தெரியும். தீவனக் கடைக்கு எதிரே காது மெஷின் கடை வைத்திருப்பவன் என்று ஒன்று. வியாழக்கிழமை சாயங்காலம் ரேடியோவுக்கு போன் போட்டு, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் ஊர் ஃபுட்பாலைப் பற்றிப் பேசுகிறவன் என்று இன்னொன்று. முதலாவது எங்களுக்குச் சோறு போட்டது. அவன் உயிரோடு இருந்தது இரண்டாவதற்காக. கடையில் போனை எடுப்பதும் நேரம் குறித்துக் கொடுப்பதும் என் வேலை. அவனைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன் என்பதற்காக என்னைத் தெளிந்த புத்திக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். பைன் ரிட்ஜ் ஸ்டேட் கல்லூரிக்கு ஆட்டம் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து எங்கள் கல்யாணத்துக்குத் தேதி குறித்தவள் நான்தான்.

மிசிசிப்பியில் எங்கள் ஊர் இரண்டு கல்லூரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மேற்கே எங்கள் பைன் ரிட்ஜ். பச்சை நிறம், நாரைச் சின்னம். கிழக்கே கால்டர். ஆரஞ்சு நிறம், கோவேறு கழுதைச் சின்னம். தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கிற பறவையை வைத்துக்கொண்டு கழுதையைக் கேலி செய்ய எங்களுக்குக் கூச்சமே வந்ததில்லை. இத்தனைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பைன் ரிட்ஜில் படித்தவர்கள்கூட இல்லை. ஹாலிஸின் அப்பா அங்கே ஒரு கோடை முழுக்கக் கூரை வேலை பார்த்தார். எங்களுக்கு அந்த உறவு போதும். கால்டர்க்காரர்களோடு சர்ச்சில் மட்டும் கைகுலுக்குவோம், அதுவும் பாதிரியார் பார்க்கிறார் என்பதற்காக.

அந்த டிசம்பரில் கால்டர் தன் பழைய கோச்சை அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தது. ஆர்னே ஹால்வர்சன் என்று பெயர். வடக்கே டகோட்டாவில், கோதுமையும் பனியும் தவிர வேறொன்றும் விளையாத இடத்தில், சின்னக் கல்லூரி ஒன்றில் இருந்தவர். அவர் முதல் தடவை பத்திரிகைக்காரர்களைச் சந்தித்ததை டிவியில் காட்டினார்கள். அதைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு ராய்ஸ் பெட்டஸ் வந்திருந்தான். ராய்ஸ் டிராக்டர் மெக்கானிக், ஹாலிஸுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். பண்டிகைக்குச் செய்வதுபோல் நான் கோழி வறுத்திருந்தேன்.

மேடையில் ஒரு மெலிந்த மனுஷன், மூக்கில் சரியாக நிற்காத கண்ணாடி. ஆரஞ்சுத் தொப்பி அவர் தலைக்கு இரண்டு அளவு பெரிசு.

"ஸ்கூல்ல பூகோள வாத்தியார் லீவு போட்டா ஒருத்தர அனுப்புவாங்களே, அந்த ஆள்டா இது," என்றான் ராய்ஸ்.

பத்திரிகைக்காரர்கள் கேள்வி கேட்டார்கள். அந்த ஆள் ஒவ்வொரு கேள்விக்கும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "மன்னிக்கணும், மறுபடி சொல்லுங்க," என்றார். எங்கள் ஊர் டீ பிடித்ததா என்று ஒருத்தி கேட்டதற்கு, தற்காப்பு ஆட்டம் பற்றி நீளமாகப் பதில் சொன்னார்.

நாங்கள் சோபாவில் விழுந்து புரண்டோம். ஹாலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கர்த்தர் நம்மள மறக்கல," என்றான். அவன் முப்பது வருஷமாகக் காது பார்க்கிறவன். நான் நாள் முழுக்கக் காது கேட்காதவர்களோடு போனில் கத்துகிறவள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பகையைப் பார்க்கும்போது எங்களுக்குத் தொழில் மறந்துவிடுகிறது.

வியாழக்கிழமை ஹாலிஸ் ரேடியோவில் ஏறினான். "டன்லீத்துலேர்ந்து ஹாலிஸ் பேசறேன். அந்த ஆளுக்கு எதையும் ரெண்டு தடவ சொல்லணும் போலிருக்கு. பந்து யார் கையில இருக்குன்னு அவருக்கு வெளங்கறதுக்குள்ள நம்ம பையன் கோட்டத் தாண்டிடுவான். கால்டர்க்காரங்க கழுதைய மேய்க்கக் கழுதையையே கூட்டிட்டு வந்துட்டாங்க." கடைசியில் வழக்கம்போல, "தீவனக் கடைக்கு எதிர்ல, ட்ரெடவே காது மெஷின்," என்று சேர்த்துக்கொண்டான். நிகழ்ச்சி நடத்துகிறவர் வழக்கம்போல அதற்குள் இணைப்பைத் துண்டிக்கப் பார்த்தார். அந்த வாரம் ஹாலிஸ் முந்திக்கொண்டான்.

மார்ச் மாதம் ஓல்சன் என்று ஒருவர் கடைக்கு வந்தார். சாம்பல் நிற ஸ்வெட்டர், மரியாதையான பேச்சு, என்னை வார்த்தைக்கு வார்த்தை "மேடம்" என்றார். மூன்று மாதமாக நான் வசை பாடிக்கொண்டிருந்த முகம் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. தொப்பி இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உட்காரச் சொல்லி காபி கொடுத்தேன். நல்ல மனுஷனாக இருக்கிறாரே என்றுகூட நினைத்தேன்.

ஹாலிஸ் அவரைச் சோதித்துப் பார்த்தான். வலது காது பழுதில்லை. இடது காது முக்கால்வாசி போயிருந்தது. அடுத்த வாரம் மெஷின் வந்ததும் அவரை வரவழைத்து மாட்டிவிட்டான். உள்ளறைக் கதவு எப்போதும் திறந்தேதான் இருக்கும். அதனால் எனக்கு எல்லாம் கேட்டது.

"இப்ப என் குரல் எப்படிக் கேக்குது, மிஸ்டர் ஓல்சன்?"

"வியாழக்கிழமை சாயங்காலம் கேக்கற மாதிரியே கேக்குது."

நான் எழுந்து உள்ளறை வாசலுக்குப் போனேன்.

"என் பேர் ஓல்சன் இல்ல, மிஸ்டர் ட்ரெடவே. ஹால்வர்சன். வீடு பாக்க வண்டியில போயிட்டிருந்தோம், என் மனைவிதான் ஓட்டினா. ரேடியோவுல நீங்க வந்தீங்க. அவ வண்டிய ஓரமா நிறுத்திட்டு, 'இத்தன வருஷமா நான் சொல்றத இந்த மனுஷன் ஒரே நாள்ல கண்டுபிடிச்சுட்டார் பாருங்க'ன்னா. அப்புறம் நீங்களே கடைக்கு வழியும் சொன்னீங்க."

ஹாலிஸின் வாய் திறந்திருந்தது. அவனை நான் அப்படிப் பார்த்தது அதற்கு முன் ஒரே தடவை, பைன் ரிட்ஜ் கடைசி நிமிஷத்தில் பந்தை நழுவவிட்டபோது.

"எங்கிட்ட ஏன் வந்தீங்க? நான் உங்களக் கழுதைன்னு சொன்னேன்."

"கழுதைங்கறது எங்க சின்னம், அதுல எனக்கு வருத்தமில்ல. கால்டர்ல டாக்டர்கிட்ட போனா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். பைன் ரிட்ஜ்காரர் கடையில என்ன யாரும் தேட மாட்டாங்க."

"நான் வெளிய சொல்லிட்டேன்னா?"

"சொல்வீங்களா?"

ஹாலிஸ் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டான். பிறகு, "கழட்டிக் குடுங்க. மெஷின் கொஞ்சம் கீச்சுங்குது, சரி பண்ணித் தரேன்," என்றான்.

அவ்வளவுதான் பதில். கடைக்கு வருகிறவர்களின் காதைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது சட்டம். ஹாலிஸ் அதை ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் பாதிரியாரின் காது வேறு, கால்டர் கோச்சின் காது வேறு. அன்று சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் ஒற்றர்கள் மாதிரி ரகசியக் குரலில் பேசினோம். வீட்டில் வேறு யாருமே இல்லை.

"இடது பக்கம் கேக்காதுன்னா, நம்ம பேண்டு வாத்தியத்த இடது பக்கம் உக்கார வைக்கலாம்," என்றேன்.

"கேக்காத பக்கத்துல வாசிச்சு என்ன புண்ணியம்? வலது பக்கம் வைக்கணும்."

காகிதக் கைக்குட்டை ஒன்றில் மைதானத்தை வரைந்தேன். பேண்டுக்கு ஒரு கட்டம் போட்டேன். பிறகு பயந்துபோய் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். குப்பையிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டேன். இதை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. அன்று எங்கள் கையில் ராணுவ ரகசியம் இருப்பதாக நினைத்துக்கொண்டோம்.

மெஷினைச் சரிபார்க்க ஹால்வர்சன் அவ்வப்போது வந்தார், ஓல்சன் என்ற பெயரிலேயே. ஒரு தடவை அவர் மனைவி செய்த உருளைக்கிழங்கு ரொட்டி கொண்டுவந்தார். காகிதம் மாதிரி மெல்லிசாக, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டியது. கழுதை வீட்டுப் பண்டத்தை வாயில் வைக்க மாட்டேன் என்று ஹாலிஸிடம் சொன்னேன். அவன் உள்ளறைக்குப் போனதும் நின்றபடியே மூன்று தின்றேன்.

ஆட்டக்காலம் தொடங்கியது. வியாழக்கிழமைகளில் ஹாலிஸ் போன் போட்டான். ஆனால் அவன் பேச்சில் காரம் போய்விட்டது. "ஹாலிஸ், கால்டர் கோச் பத்தி இந்த வாரம் என்ன?" என்று ரேடியோக்காரர் கொக்கி போடுவார். "நம்ம பசங்கள்ல பந்த உதைக்கறவன் நல்லா உதைக்கறான்," என்பான் இவன். கால்டர் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தது.

ராய்ஸுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் ஓட்டலில், பிஸ்கட் என்று நாங்கள் சொல்கிற மெத்து ரொட்டியை வெள்ளைக் குழம்பில் முக்கிக்கொண்டே கேட்டான். "டேய், உனக்கு என்ன ஆச்சு? உடம்பு சரியில்லயா, இல்ல மதம் மாறிட்டியா?"

"ஒண்ணுமில்லடா."

"என்னது?"

"ஒண்ணுமில்லன்னேன்."

"ஒண்ணுமில்லாமதான் அந்த ஆளப் பத்தி வாயத் தொறக்க மாட்டேங்கறியா? லவான், இவன டாக்டர்கிட்ட காட்டு."

நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் கடைசியில் இரண்டு கல்லூரிகளும் மோதும் ஆட்டம். அந்த வருஷம் எங்கள் மைதானத்தில். ராய்ஸின் டிரக்குக்குப் பின்னால் மேஜை போட்டு, வறுத்த கோழி, வேகவைத்த நிலக்கடலை எல்லாம் பரப்பினோம். நான் முகத்தில் பச்சை பூசிக்கொண்டேன். என் வயசில் அது சுருக்கங்களுக்குள் இறங்கி, சுற்றுலா வரைபடம் மாதிரி ஆகிவிடும். இருந்தாலும் பூசினேன். எங்கள் இருக்கை, வெளியூரிலிருந்து வருகிற அணி உட்காரும் பெஞ்சுக்கு நேர் பின்னால். பல வருஷமாக அந்த இடத்தை விடாமல் வைத்திருந்தது, அவர்கள் காதில் விழுகிற மாதிரி வைவதற்காகத்தான்.

பந்து கால்டர் கையில் இருக்கும்போதெல்லாம் மைதானம் முழுக்க எழுந்து நின்று கத்தும். அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள முடியாமல் போக வேண்டும், அதுதான் எங்கள் கைங்கரியம். நானும் கத்தினேன். ரகசியம் காப்பதாக ஒத்துக்கொண்டேனே தவிர, தொண்டையை அடகு வைக்கவில்லை. பக்கத்தில் பார்த்தால், எனக்கும் ராய்ஸுக்கும் நடுவில் ஹாலிஸ் உட்கார்ந்திருந்தான், வாயைத் திறக்காமல்.

"எழுந்து கத்து," என்றேன்.

"முடியல, லவான்."

"ஏன்?"

"அந்த மெஷின நான் மாட்டிவிட்டிருக்கேன். நானே அதுக்குள்ள போயிக் கத்தறதா?"

கீழே ஹால்வர்சன் காதுக்குப் பின்னால் விரலை வைத்து எதையோ அழுத்தினார். ஹாலிஸ் என் முழங்கையைப் பிடித்தான். "பாத்தியா? மூணாவது புரோகிராம். சுத்துச் சத்தத்தக் குறைக்கறது. நான் சொல்லிக் குடுத்தது." அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குக் கோழிக்காலால் அடிக்கலாம் போலிருந்தது. கால்டர் பையன் அடுத்த நிமிஷம் பந்தோடு கோட்டைத் தாண்டினான்.

மோசமாகத் தோற்றோம். டிரக்குக்குத் திரும்பி வந்து, துக்க வீட்டில் சாப்பிடுவதுபோல் மிச்சக் கோழியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ராய்ஸ் டிரக் ரேடியோவை வழக்கம்போல உச்சத்தில் வைத்திருந்தான். ஹால்வர்சனைப் பேட்டி எடுத்தார்கள். இவ்வளவு இரைச்சலில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள்.

"எனக்கு இடது காது கேக்காது," என்றார் அவர். "அத மறச்சு வச்சிருந்தேன். இனிமே மறைக்கப் போறதில்ல. இந்த வருஷம் மெஷின் போட்டுக்கிட்டேன். டன்லீத்துல, தீவனக் கடைக்கு எதிர்ல இருக்கற ஒருத்தர் போட்டுவிட்டார். அவர் பைன் ரிட்ஜ்காரர். இன்னிக்கு எனக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தார். மைதானத்துலயே வாய மூடிட்டு இருந்த ஒரே மனுஷன். அவருக்கு என் நன்றி."

சுற்றி இருபது டிரக்குகள். எல்லாவற்றிலும் அதே ரேடியோ. பச்சைச் சட்டைகள் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் திரும்பின.

ராய்ஸ் எலும்பைக் கீழே வைத்தான். "மெஷின் போட்டத மன்னிச்சுடுவேன், அது உன் பொழப்பு," என்றான். "வாய மூடிட்டு உக்காந்திருந்தியா நீ?"

"ஆமா."

"என் பக்கத்துல?"

"உன் பக்கத்துலதான்."

ராய்ஸ் மேஜையை மடித்தான். நாங்கள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நானும் ஹாலிஸோடு பேசவில்லை. யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்ததற்கு அவனை மெச்சியவள், கத்தாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொண்டேன். எங்கள் கல்லூரிப் பக்தி இப்படித்தான் வேலை செய்கிறது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவன், "நான் தோக்கணும்னு நினைக்கல லவான், சத்தியமா. அந்த மனுஷன் நல்லா கேக்கணும்னு மட்டும்தான் நினைச்சேன்," என்றான். பச்சைச் சாயம் இன்னும் என் முகத்தில் காய்ந்திருந்ததால் என்னால் அழ முடியவில்லை. கன்னத்தை இழுத்துப் பிடித்தது.

அதற்கடுத்த வாரத்திலிருந்து கடைக்கு ஆரஞ்சுத் தொப்பிக் கிழவர்கள் வரத் தொடங்கினார்கள். பச்சைக்காரர்கள் வரவில்லை. சர்ச்சில் எங்கள் பெஞ்சில் நிறைய இடம் கிடைத்தது. ரேடியோவில் அவனை, "கழுதைக்குக் காது கொடுத்த ஹாலிஸ்," என்று அறிமுகப்படுத்தினார்கள். முதல் வாரம் போனை வைத்துவிட்டான். இரண்டாவது வாரம் பேசினான். பேசாமல் அவனால் இருக்க முடியாது.

ஜனவரியில் ஒரு மத்தியானம் கடையின் பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் ராய்ஸ். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"முன்பக்கம் அந்த ஆரஞ்சுக் கூட்டம் உக்காந்திருக்கா?"

"ஒருத்தர்தான்."

"என்னது?"

"ஒருத்தர்தான்னேன்."

"என் வீட்டுக்காரி அனுப்பினா," என்றான். "எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா பாத்துட்டு வான்னா."

ஹாலிஸ் அவன் தோளில் கைவைத்து உள்ளே கூட்டிப்போனான். ராய்ஸுக்கு இரண்டு காதும் மோசம். பாதி ஆயுள் டிராக்டர் என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தவன். அடுத்த வாரம் இரண்டு மெஷினையும் மாட்டி, "வெளிய கொஞ்ச நேரம் உக்காந்து பழகு," என்று அனுப்பினான் ஹாலிஸ். வெளியே காலியாக இருந்த ஒரே நாற்காலி, கால்டரில் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற மிஸஸ் பேர்ட்சாங் பக்கத்தில். அந்த அம்மாள் ஆரஞ்சு ஸ்வெட்டரில், கண்ணை மூடிக்கொண்டு, தன் முறைக்குக் காத்திருந்தார். ராய்ஸ் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான்.

அவர் கண்ணைத் திறக்காமலே, மெல்லிய குரலில், பைன் ரிட்ஜ் தற்காப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

ராய்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மேடம், அது என் காதுல விழுந்துச்சு," என்றான்.

அவர் இப்போது கண்ணைத் திறந்தார். நான் இரண்டு பேருக்கும் காபி ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது நாற்காலிகளை ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நவம்பர் ஆட்டத்தை முதலிலிருந்து அலசி, இரண்டாவது கால்பகுதி வரைக்கும் வந்திருந்தார்கள்.