மண்ணாங்கட்டி வாய் திறந்த நாள்

வார்டில் இருந்தவர்களுக்கு அந்த ஆளைப் பார்த்தே களைப்பு வந்துவிட்டது. கட்டிலில் உட்காருவார். உடனே எழுந்து ஜன்னல் வரைக்கும் போய், மலை அங்கேயேதான் இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி எட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து போர்வையை மடிப்பார், மடித்ததை உதறுவார்.

"யோவ் பெரியவரே, கிரிவலத்த இங்கயே முடிச்சிடுவ போலக்கீதே" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

மண்ணாங்கட்டி சிரிக்கவில்லை. மறுநாள் காலை அவருக்கு ஆபரேஷன். இரண்டு விதைகளையும் எடுத்துவிடப் போகிறார்கள். அது வேண்டாத வேலை என்பது அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கீழ்பென்னாத்தூர் பக்கம் வளையல்கார மண்ணாங்கட்டி நுழையாத வீடு கம்மி. பெற்றவர்களுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால், இதுவாவது தங்கட்டும் என்று வைத்த பெயர். ஆள் என்னவோ வாட்டசாட்டம். முறுக்கின மீசை, எட்டு ஊருக்குக் கேட்கும் சிரிப்பு. வளைகாப்பு, கல்யாணம் என்றால் அவர்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் கடை விரிப்பார். பெண்கள் கையை நீட்டினால் விரல் முட்டியை லேசாக அமுக்கிப் பார்த்து, "ரெண்டு ஆறு" என்று அளவு சொல்வார். "கையக் குடுத்துட்டு வேற எங்கனா பாரு தாயி" என்பதற்குள் வளையல் ஏறியிருக்கும். அறுபது வயசுக்கு மேலும் அந்த மீசையில் அவருக்கு ஒரு கர்வம்.

சிறுநீர் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. பார்த்தவர் டாக்டர் ஷாஹீன். இந்த ஊர்ப் பெண்தான். சின்ன வயசில் ரம்ஜானுக்கு ரம்ஜான் மண்ணாங்கட்டியிடம் வளையல் போட்டுக்கொண்டு வளர்ந்தவர். அவர் எதிரில் வேட்டியைத் தளர்த்திப் படுத்ததே மண்ணாங்கட்டிக்குச் செத்துப் பிழைத்த மாதிரி இருந்தது.

சுரப்பியிலிருந்து ஊசியால் எடுத்த சதைத் துணுக்கின் படத்தை டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டினார். வெளிர்நீலத் தரையில் பழுப்புப் பழுப்பாகப் புள்ளிகள்.

"இந்தப் பழுப்பு இருக்கிற எடமெல்லாம் ரிசப்டருங்க. தமிழ்ல ஏற்பின்னு சொல்லுவோம். ஆம்பளைங்க உடம்புல ஊறுற ஹார்மோன் வந்து இதுல உட்காரும். உட்கார்ந்தா, இந்த நோய் பிடிச்ச செல்லு 'வளர்ந்துக்கோ'ன்னு உத்தரவு கெடச்ச மாதிரி வளரும்."

"கையும் வளையலுமா பாப்பா? அளவு சரியா இருந்தாத்தான் ஏறும்?"

"அதேதான். கை ஏகப்பட்டது இருக்கு உங்களுக்கு. வளையல் வரத்த நிறுத்திட்டா கை சும்மா கெடக்கும். அதுக்குத்தான் மாசா மாசம் ஊசி."

அடுத்த படத்தில் செல்களின் ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு பழுப்புக் கோடு. "இது இன்னாது?" என்று கேட்டார்.

"இது வேற ஏற்பி. வளர்ச்சிக் காரணின்னு ஒண்ணு இருக்கு, அத வாங்குற கை. முதல் கைக்கு ஒண்ணும் கெடைக்கலன்னா சில செல்லு இந்தக் கைய நீட்டிப் பொழைச்சுக்கும். உங்களுக்கு இப்ப லேசாத்தான் இருக்கு. ஆனாலும் விடாம பாத்துட்டே இருக்கணும்."

"ரெண்டு கையாலயும் பறிக்கிறவனா இவன்!" என்று மண்ணாங்கட்டி தலையை ஆட்டினார். அவருக்கு எல்லாம் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாத அளவுக்குப் புரிந்தது.

ஊசி வேலை செய்தது. ஆனால் ஊசி அவரையும் ஒரு வழி பண்ணியது. உட்கார்ந்த இடத்தில் குபீரென்று மார்பிலிருந்து தலைக்குச் சூடு ஏறும், சட்டை நனைந்துவிடும். மார்பு லேசாகப் புடைத்துக்கொண்டு, துணி பட்டால் வலித்தது. தாடி வளர்வது குறைந்தது. யாரோ ஒரு பெண்ணின் வளைகாப்பில் காரணமே இல்லாமல் அழுதார். "இன்னா மாமா, நீ பெத்த பொண்ணா?" என்று அங்கிருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். அன்றிலிருந்து சட்டைக்குள் பனியன் மேல் பனியன் போட்டுக்கொண்டார்.

கிரிவலப் பாதையில் அவர் கடைக்குப் பக்கத்துக் கடை குமரேசனுடையது. மூலிகை, தைலம், லேகியம் விற்கிறவன். மண்ணாங்கட்டி விசிறிக்கொண்டே இருப்பதைப் பார்த்து அவனே ஆரம்பித்தான்.

"இன்னாண்ணே, மீசை தொங்கிப் போச்சி? அண்ணி சும்மா கீறாங்களா?"

"வாய மூடுடா."

"கோச்சிக்காத. இத்தத் தின்னு பாரு. காலைல ஒரு உருண்ட, ராத்திரி ஒரு உருண்ட. குதிரை மாதிரி ஆயிடுவ."

கறுப்பாக, வெல்லப்பாகு வாசனையோடு ஒரு டப்பா. மண்ணாங்கட்டி அதை வளையல் பெட்டியின் அடித்தட்டில் ஒளித்து வைத்தார். சில வாரங்களில் சூடு அடங்கியது. மீசை தடித்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் கால் கடுக்கவில்லை. தீரத் தீர அடுத்த டப்பா வாங்கினார். லேகியத்தைத் தின்றவர் ஊசியையும் தவறாமல் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் நல்லபடியாகப் போகிறதென்றுதான் நினைத்தார்.

அடுத்த ரத்தச் சோதனையில் நோயின் அளவு ஏறியிருந்தது. ஹார்மோனும் இறங்கவில்லை. டாக்டர் ஷாஹீன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊசிய வேளாவேளைக்குத்தான் போடுறோம். வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

பக்கத்தில் மனைவி கன்னியம்மாள். எதிரே நர்ஸ் பெண்கள் இரண்டு பேர். கேட்பதோ, வளையலுக்குக் கை நீட்டின அதே பாப்பா. "இல்லம்மா" என்றார் மண்ணாங்கட்டி.

மறுபடி சோதித்தார்கள், அதே கதை. லேகியத்தின் வேலைதான் இது என்று மண்ணாங்கட்டிக்கு அப்போதே உறைத்தது. ஊசி இவர் உடம்பில் பிடிக்கவில்லை, விதைகளை எடுத்துவிட்டால் ஹார்மோன் ஊறுவதே நின்றுவிடும் என்று டாக்டர் முடிவு செய்தார். மண்ணாங்கட்டி கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆண்மைக்கென்று லேகியம் தின்றதைச் சொல்ல வெட்கப்பட்டு, அதையே அறுத்துக் கொடுக்கச் சம்மதித்து உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து நடந்தார்.

சாயங்காலம் கன்னியம்மாள் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும் கொண்டு வந்தாள்.

"இன்னாயா இது, கூண்டுல போட்ட புலி மாதிரி? உக்காரு."

குரல் கரகரத்தது. சளி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அண்ணாந்து குடித்தாள். ஜன்னல் வெயில் நேராக அவள் முகவாயில் விழுந்தது. கறுப்பாக, சுருட்டையாக நான்கைந்து முடி. மேலுதட்டின் மேல் நிழலடித்த மாதிரி ஒரு கோடு. மண்ணாங்கட்டி குனிந்து உற்றுப் பார்த்தார்.

"கன்னீ... நீ எதுனா மருந்து திங்கிறியா?"

"உன் மருந்தத்தான்."

"எம் மருந்தா?"

"பெட்டிக்கு அடியில வெச்சிக்கிறியே, கறுப்பா. இது இன்னாதுடானு குமரேசன கேட்டேன். அண்ணனுக்கு மூட்டு வலி, அதுக்குக் குடுத்தேன்னான். எனக்கும்தான் முட்டி வலிக்குது. உனக்குனா டப்பா டப்பாவா வாங்குற, எனக்கு வாங்கணும்னு தோணுச்சா? அதான் நானே எடுத்துத் தின்னுறேன். நல்லாத்தான் கேக்குது."

மண்ணாங்கட்டியின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குமரேசன் சொன்ன பொய், நேராக இவள் தொண்டைக்குள் இறங்கியிருக்கிறது. கூழைக் கீழே வைத்தார். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். "யோவ், எங்கயா, செருப்பு செருப்பு" என்று அவள் கத்தியது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

டாக்டர் ஷாஹீன் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நான்கு பேர். மண்ணாங்கட்டி யாரையும் பார்க்கவில்லை.

"பாப்பா, நான் பொய் சொல்லிட்டேன். லேகியம் தின்னேன். ஆம்பளத்தனம் போயிடுச்சினு நெனச்சித் தின்னேன். என்ன அறுக்கணும்னா அறுத்துக்கோ. மொதல்ல இவளப் பாரு. அத்த மூட்டு மருந்துன்னு இவளும் தின்னுட்டா. மீசை மொளைக்குது பாரு இவளுக்கு."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். கன்னியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மறுநொடியே எடுத்தாள்.

"அட, நாசமாப் போற மனுசா! அதுக்கா தின்ன? இந்த வயசுல யாரு உன்னக் கேட்டா?"

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பையைத் திரும்ப மேசை மேல் வைத்தார். "நாளைக்கு நான் எடுத்துப் போட்டிருந்தா என்னங்க ஆயிருக்கும்? உள்ள ஊறுறத நான் நிறுத்துறேன், நீங்க வாய் வழியா ஊத்திட்டே இருந்திருப்பீங்க. கை நெறைய வளையல் ஏறிட்டேதான் இருந்திருக்கும்." நாற்காலியைக் கன்னியம்மாளுக்கு நகர்த்திப் போட்டார். "அத்தன தரம் கேட்டேனே உங்கள!"

ஆபரேஷன் நிறுத்தப்பட்டது. டப்பாவைச் சோதனைக்கு அனுப்பினார்கள். வெல்லமும் மூலிகையும் போக, அதில் ஆண் ஹார்மோன் கலந்திருப்பதாகத் தெரிந்தது. அதிகாரிகள் வருவதற்குள் குமரேசன் கடையைச் சுருட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டான். லேகியம் நின்றதும் ஊசி பிடித்தது. நோயின் அளவு படிப்படியாக இறங்கியது. இறங்க இறங்க அந்தச் சூடும் திரும்பி வந்தது, முன்னைவிட மூர்க்கமாக.

"இது எப்ப போவும் பாப்பா?" என்று கடைசியாகப் போனபோது கேட்டார்.

"ஊசி போடுற வரைக்கும் வரும். கொஞ்சம் குறைக்க மாத்திரை தரேன். நீங்களா எதையும் தேடிக்காதீங்க."

பிறகு கன்னியம்மாள் கேட்டாள். "முடி உதிர்ந்துபோச்சி டாக்டரம்மா. தொண்டதான் இப்பிடியே கீது. எப்ப சரியாவும்?"

டாக்டர் டார்ச் அடித்து அவள் தொண்டையைப் பார்த்தார். "கொஞ்சம் தேறலாம். முழுசா பழையபடி வருமான்னு சொல்ல முடியலங்கம்மா."

மண்ணாங்கட்டி எழுந்து வெளியே போய்விட்டார். வராண்டாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். மார்பிலிருந்து சூடு கிளம்பிக் காது வரை ஏறியது. சட்டைப் பொத்தானைக் கழற்றினார், மாட்டினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள்.

"இன்னாயா, எங்க போய்ட்ட? மருந்துச் சீட்ட யாரு வாங்குறது?" என்று உள்ளேயிருந்து ஒரு கனத்த குரல் கூப்பிட்டது. எந்த ஆம்பளை இப்படி அதட்டுகிறான் என்று வராண்டாவே திரும்பிப் பார்த்தது. மண்ணாங்கட்டி மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டே, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று உள்ளே ஓடினார்.