வலது கண்ணில் எண்ணெய்

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் என் வகுப்புத் தோழன், நான் எடுத்த த்ரீடி வீடியோவைத் திருடினான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

வீட்டில் செய்த வேலைதான் அது. ஒரு பலகைத் துண்டில் இரண்டு போன்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். நம் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் இரண்டு கேமராவுக்கும் இருக்க வேண்டும். போன்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இடது போன் என்னுடையது. வலது போன் அவனுடையது. கேட்டதும் கொடுத்தான். கேட்டதும் எதையும் கொடுக்கிற ஆள் இல்லை அவன். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

சாரல் நாள். ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். எனக்குத் தேய்த்தவரிடமே கேட்டுவிட்டு, அவர் அடுத்த ஆளுக்குத் தேய்ப்பதைப் படம் பிடித்தேன். முதுகில் அவர் பளாரென்று அடித்த முதல் அடிதான் எனக்கு அடையாளம். அந்தச் சத்தத்தை வைத்து இரண்டு போன் படத்தையும் வீட்டில் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தேன். கல்யாணப் பத்திரிகை அட்டையில் சிவப்பு, நீலத் தாள் ஒட்டிக் கண்ணாடி செய்து மாட்டிப் பார்த்தால், அவர் ஓங்கிய கை திரையை விட்டு வந்து என் மூக்குக்கு முன்னால் நின்றது.

ஒரே ஒரு கோளாறு. வலது படத்தின் மேல் மூலையில் ஒரு மங்கல். எண்ணெய்க் கையோடு அந்த போனை அமுக்கியபோது கட்டைவிரல் லென்சில் பட்டிருக்கிறது. சரி, கிடக்கட்டும் என்று விட்டேன்.

லாட்ஜுக்கு வருகிறவர்களுக்குக் காட்டவேண்டும் என்று அவன் கேட்டான். அனுப்பினேன்.

பழைய மாணவர்கள் கூட்டம் தென்காசியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எல்லார் கையிலும் அட்டைக் கண்ணாடி, திரையில் என் படம். "நானே எடுத்தது" என்று அவன் மைக்கில் சொன்னான். பொன்னாடை போட்டார்கள். நான் கடைசி வரிசையில் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். மூலையில் அதே மங்கல். வலது கண்ணை மூடினேன். காணோம்.

பந்தியில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் படத்தை எப்படி உன் படம் என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"ஏலே, என் போன்ல எடுத்தது எப்பிடில உன் படமாவும்?" என்றான்.

"அப்போ மூலையில அழுக்கு மாரி நிக்குதே, அது என்னதுலே?"

"சாரல் தண்ணி. சாப்பிடு, சோறு ஆறுதுல்லா."

தண்ணீர் என்றால் வழியும். இது முதலிலிருந்து கடைசி வரை நின்ற இடத்திலேயே நிற்கிறது. எண்ணெய் தொட்டால் மூச்சிழுப்பு வந்துவிடும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து சொல்கிறவன் அவன். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தியும் ஒரு நாள்கூட எண்ணெய் தேய்த்துக் குளித்தது கிடையாது.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதையெல்லாம் எழுதினேன். எல்லாரும் படித்தார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. இவர்களுக்கும் முன்பே தெரியுமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவன் மட்டும் ஒரு ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னான்.

பூ வேண்டாம். அடுத்த கூட்டத்தில் அதே மேடையில் ஏறி, அதே மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் அவன் பதில் சொல்லட்டும்: அந்த எண்ணெய் யார் கையில் இருந்தது?