பத்மினியின் தண்ணீர் முறை

சுவிஸில் நாகதாளிக் கள்ளி முளைக்கும் என்றால் சூக் நகரில் இருக்கிற எங்கள் சனம் சிரிக்கும். வலே மாநிலத்தில், சுற்றியுள்ள மலைகள் மழையை மறித்துவிடும் அந்த வறண்ட பள்ளத்தாக்குக்கு ஒருமுறை வந்து பார்த்தால் வாயை மூடும். அங்கே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கிராமம் ஒன்றில்தான் பத்மினி இருக்கிறாள். காலையில் பஸ் பிடித்து ஹோட்டல் குசினியில் சமையல் வேலைக்குப் போவாள். பின்னேரம் குத்தகைக்கு எடுத்த துண்டுக் காணியில் மிளகாய்.

தண்ணீர் மலை வாய்க்காலில் வரும். ஒருவர் பின் ஒருவராக முறை. முறையைப் பார்ப்பவர் இம்போடன் என்ற உள்ளூர்க்காரர். சரிவில் அவள் காணிக்குக் கீழே இருக்கும் காணியும் அவருடையதுதான். அந்த ஊரார் தண்ணீரைச் சரிவில் மெல்லப் படரவிடுவார்கள். பத்மினியோ செம்மண் ஊரான இணுவிலில் பிறந்தவள். பாத்தி கட்டாமல் தண்ணீர் விட அவளுக்குக் கை வராது. வரம்பு போட்டு ஒவ்வொரு பாத்தியாக நிறைத்தாள். தட்டையான செம்மண்ணுக்கு அது சரி. சரிவில் தேங்கின தண்ணீர் சும்மா கிடக்குமா? உள்ளே ஊறி இறங்கி, ஒரு விடியலில் இம்போடனின் கல்மதில் பொலபொலவென்று சரிந்து திராட்சைக் கொடிகளில் விழுந்தது.

மகள் ரிஷானி போனில், "அம்மா, மன்னிப்புக் கேளுங்கோ. வேற என்ன செய்யிறது?" என்றாள்.

"கேக்கிறன் பிள்ளை. ஆனா தண்ணிய நிப்பாட்டிப் போடுவினம். இந்த வெயிலுக்கு மிளகாய் முழுக்கக் கருகிப் போகும்."

பயம் அவளுக்குப் புதிதல்ல. அகதியாக வந்த நாளிலிருந்து, வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம், இந்த முறை மறுத்துவிடுவார்களோ என்று நினைத்தபடியே வரிசையில் நின்றவள்.

இம்போடன் மதிலடியில் நின்றார். நல்ல கோபம். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "என்ர தண்ணிய எடுத்துப் போடுவீங்களோ?" என்றாள்.

"எடுக்கிறதா?" அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "தண்ணீர் உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அது காணிக்கு உரியது. காணி இருக்குமட்டும் வரும், யாரும் நிறுத்த ஏலாது. அந்த வரம்புகளை வெட்டிவிடுங்கள். மதிலை நீங்கள்தான் கட்டவேண்டும்."

யாரும் நிறுத்த ஏலாது. இந்த நாட்டில் அப்படி ஒரு சொல்லை அவளிடம் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பத்மினி குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மதிலை நினைத்து அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டார் இம்போடன்.

"பெரிய கல்லுகளை நான் தூக்குகிறேன்," என்றார், கோபம் ஆறாமலே.