சீதன வீட்டுக்கு ஊத்தின மருந்து

கறையானுக்கு மருந்து ஊத்துற தொழில் பார்க்கிறவன், மட்டக்களப்புப் பக்கத்தில 'மருந்து' எண்ட சொல்லை மட்டும் கொஞ்சம் யோசிச்சுத்தான் வாயில எடுக்கவேணும். வேற ஊரில மருந்து எண்டால் காய்ச்சலுக்குக் குடிக்கிறது. எங்கட ஊரில அதுக்கு இன்னொரு கருத்தும் இருக்கு. ஒருத்தரை மடக்கி, சொன்ன சொல்லுக் கேட்க வைக்கிறதுக்குச் செய்யிற வசியமும் மருந்துதான். இந்த ரெண்டு கருத்துக்கும் நடுவில மாட்டுப்பட்டு நான் பட்ட பாட்டை, கறையானோட குடித்தனம் நடத்துற உங்களுக்குச் சொல்லாம வேற ஆருக்குச் சொல்லப் போறன்?

ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை இறக்கின காலத்தில நான் அங்க கூலிக்கு நிண்டவன். கட்டைக்குப் பூசுற கிரியோசோட் எண்ணெய்ட மணம் ஒருக்கா உடம்பில ஏறினால் மறுகா இறங்காது. இறங்காத மணத்தைச் சும்மா சுமக்கிறதை விட அதையே தொழிலாக்கினால் என்ன எண்டு தொடங்கினதுதான் இது. சுவர் ஓரமா முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டவேணும். அத்திவாரத்தை ஒட்டி எண்ணெயை ஊத்தி, தோண்டின மண்ணையும் அதிலயே குழைச்சுத் திருப்பி மூடவேணும். தொடங்கின இடத்திலயே சுத்து வந்து முட்டவேணும். விரலளவு இடம் விட்டாலும் கறையான் அதைக் கண்டுபிடிச்சு உள்ள வந்திரும், மூதேவி.

மணம் தாங்க ஏலாம வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டியிருப்பன். எத்தனை தகரப் பேணி ஊத்தினன் எண்ட கணக்குத் தப்பாம இருக்க வாய்க்குள்ள எண்ணிக்கொண்டே போவன். இப்ப நீங்களே சொல்லுங்க, முகத்தை மூடிக்கொண்டு, என்னமோ முணுமுணுத்துக்கொண்டு, கறுத்தத் தண்ணியை ஒரு வீட்டைச் சுத்தி ஊத்துறவனைக் கண்டால் உங்களுக்கு என்ன நினைப்பு வரும்? அந்த நினைப்பாலதான் கண்மணியக்காட ஒரே மகள்ட கலியாணம் நிண்டுபோகப் பார்த்தது. அதுக்கு வாறன். முதல்ல நாயில தொடங்குவம்.

பென்சன்காரர்ட நாய்

புளியந்தீவில பென்சன் எடுத்த ஐயா ஒருத்தர் கூப்பிட்டிருந்தார். அவர்ட அலுமாரியில இருந்த தடித்த புத்தகம் ஒண்டில, ரெண்டு மட்டையையும் மரியாதையா விட்டுட்டு நடுவில இருந்ததை எல்லாம் கறையான் தின்று முடிச்சிருந்தது. நான் ஒரு பக்கச் சுவருக்கு ஊத்தி முடியல்ல, அவர்ட சொறி பிடிச்ச நாய் அந்த ஈர மண்ணில விழுந்து புரண்டு எழும்பிற்று. நானே பிடிச்சு, சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுக் கழுவி விட்டன்.

அஞ்சாறு நாள் கழிச்சு மிச்ச வேலைக்குப் போனால், அந்த நாய் சொறி எல்லாம் உதிர்ந்து புதுச் சட்டை போட்ட ஆள் போல வாசலில நிக்குது. வளவுக்குள்ள இன்னும் நாலு நாய், ஒவ்வொண்டையும் ஒவ்வொருத்தர் கயிறு கட்டிப் பிடிச்சுக்கொண்டு. "ஐயா, இது நஞ்சு. உங்கட நாய் தப்பினது கடவுள் புண்ணியம். இது சுவருக்கு மட்டும்தான் ஐயா!" எண்டு கும்பிட்டுப் பார்த்தன். ஐயா கேட்டால்தானே? கதிரையில சாய்ந்துகொண்டு சொன்னார்: "கறையான் எங்க ஓடிப்போகப் போகுது தம்பி? முதல்ல முன்வீட்டாரிட நாயைப் பாரு."

காத்தான்குடிச் சாரன்

காத்தான்குடியில ஒரு முதலாளிட சாரன் கடை, லுங்கியைத்தான் சொல்லுறன். கீழ்த்தட்டில அடுக்கி வெச்ச சாரன்கள்ல மடிப்புக்கு ஒரு ஓட்டை. விரிச்சுப் பிடிச்சால் சல்லடை மாதிரி வெளிச்சம் தெரியுது. "தம்பி, இந்த மணம் சாரனுக்கு ஏறாதா?" எண்டு அவர் மூண்டு தரம் கேட்டார். "ஏறாது முதலாளி" எண்டு நானும் மூண்டு தரம் சொன்னன். என்ட மூக்கு அந்த மணத்துக்குச் செத்துப்போய்க் கன காலம். ஏறுதா இல்லையா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?

அடுத்த கிழமை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஏச்சு வாங்கத்தான் போறன் எண்டு போனன். கடை முழுக்க ரயில் ஸ்டேசன் மணம். ஆனா முதலாளி சிரிச்ச முகம், தட்டுகள்ல பாதி வெறுமை. பின்பக்கச் சுவருக்கும் ஊத்திவிடட்டாம். "கோபமில்லையா முதலாளி?" எண்டு கேட்டன். அவர் சாரன் ஒண்டை மணந்து பார்த்துட்டுச் சொன்னார்: "என்னத்துக்குக் கோவம்? கறையான் தொடாத சாரன் இரிக்கி எண்டு சொன்னன், மறுகா சனம் விடுமா?"

கண்மணியக்காட நிலை

இனித்தான் கலியாணக் கதை. களுவாஞ்சிக்குடிக் கண்மணியக்கா புருசனில்லாதவ. தென்னந்தோட்டத்தை வெச்சுக்கொண்டு தனி ஆளாக் கல்வீடு ஒண்டு கட்டினா, ஒரே மகள் பூரணத்துக்குச் சீதனமா. எங்கட பக்கத்தில மாப்பிள்ளை வந்து பெண்ட வீட்டிலதானே இருக்கிறது. அதால மாப்பிள்ளை வீட்டார் முதல்ல வீட்டைப் பார்ப்பாங்க, பிறகுதான் பெண்ணைப் பார்ப்பாங்க. பூரணத்துக்கு வந்த ரெண்டு இடம் ஏற்கெனவே தட்டிப் போச்சு. இப்ப கல்லாற்று நடராசா வாத்தியார் சரிப்பட்டு வந்திருக்கார். பெடிச்சிக்கும் மனம் பிடிச்சுப் போச்சு. அவர்ட தாய் செல்லம்மா ரெண்டு கிழமையில வீடு பார்க்க வாறா எண்டு நாளும் வெச்சாச்சு. அந்த நேரம் பார்த்துக் கண்மணியக்கா வாசல் நிலையில கையை ஊண்டியிருக்கா. விரல் அந்தப் பக்கத்தால வந்திற்று!

நான் ஓடிப்போனன். தச்சு வேலை ஓடாவியார் புது நிலை வெச்சார், நான் ஒரு சுத்து ஒழுங்கா ஊத்தி முடிச்சன். என்ட வழக்கம் ஒண்டு இருக்கு. வீட்டு மூலை நாலிலயும் கறையான் லேசாத் தின்னக்கூடிய மெத்தன் மரக் கட்டை ஒவ்வொண்டு அடிச்சு வைப்பன். ஒரு மாசத்தால இழுத்துப் பார்த்தால் கறையான் திரும்ப வந்ததா இல்லையா எண்டு கட்டை சொல்லும். எந்த வீட்டுக் கட்டை எண்டது மாறாம இருக்கக் கத்தியால ஒரு எழுத்து வெட்டுவன். வீடு பூரணத்துட வீடுதானே, 'பூ' எண்டு வெட்டினன்.

போக வெளிக்கிடக் கண்மணியக்கா என்னை மறிச்சா. கறையான் இருந்த கதை வெளியில போகப்படாது, மாப்பிள்ளை வீட்டார் முன்னால கறையான் எண்ட சொல்லே வாயில வரப்படாது எண்டு சத்தியம் வாங்கினா. வாங்கிட்டு, கண்ணைத் துடைச்சுக்கொண்டே சொன்னா: "எனக்குக் கறையான் போகவேணும், மருமகன் வரவேணும், ரெண்டையும் மாத்திச் செஞ்சிராத தம்பி."

நாலு மூலைக் கட்டை

அவங்க வந்த அண்டைக்கு நான் மிச்ச எண்ணெய்த் தகரங்களை எடுக்கப் போயிருந்தன், என்ட கெட்ட நேரம். செல்லம்மாவும் அவட அண்ணனும் விறாந்தையில இருந்து பலகாரம் சாப்பிட்டாங்க. வீடு பிடிச்சுப்போச்சு, பெண்ணும் பிடிச்சுப்போச்சு. நாள் பார்க்கிற கதை வரையும் போயிற்று. வெத்திலை துப்பச் செல்லம்மா பின்பக்கம் போனா. போனவட கண்ணில மூலைக் கட்டை பட்டுது. இழுத்தெடுத்துப் பார்த்தால், கறுத்து, எண்ணெய் வடிஞ்சு, 'பூ' எண்டு எழுத்து வெட்டின கட்டை.

"என்னகா இது?" எண்டு கேட்டா. கண்மணியக்கா பாவம், சத்தியத்தை நினைச்சுக்கொண்டு, "அது மருந்து, மச்சாள்" எண்டா. "மருந்தா? ஆர் வெச்சது?" எண்டதுக்கு என்னைக் காட்டினா. நானாவது வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாம். சனியன் பிடிச்ச வாய், தொழில் பெருமை பேசப் போயிற்று. "ஓமம்மா, நான்தான். வீட்டைச் சுத்தி ஒரு இடம் விடாம ஊத்தி, நாலு மூலைக்கும் அடிச்சிருக்கன். நல்ல மருந்து, ஆயுசுக்கும் விடாது!" எண்டன்.

செல்லம்மாட முகம் சுண்ணாம்பாப் போச்சு. கட்டையை நெருப்பைத் தொட்டவ மாதிரி எறிஞ்சா. கண்மணியக்கா பின்னால ஓடினா, ஆனாலும் கறையான் எண்ட சொல்லு அவட வாயில வரவே இல்லை. செல்லம்மா வேலிப் படலையில நிண்டு ஊர் கேட்கச் சொன்னா: "கலியாணத்துக்கு முதலே என்ட மகனுக்கு மருந்தா? எழும்பி வாங்கண்ணன், போவம்!"

பூரணம் சொன்னது

அதுக்குப் பிறகு அந்த வீட்டில நிக்க எனக்கு வெக்கமாப் போச்சு. தகரத்தைத் தூக்கிக்கொண்டு மெல்ல நழுவப் பார்த்தன். பூரணம் குசினிக் கதவால வெளிய வந்தா. அழுது கண் சிவந்திருந்தது, ஆனா குரல் தெளிவு. "எங்க போறீங்க? அம்மா கறையானை மறைக்கப் போய் மாட்டினா, நீங்க மெய்யைச் சொல்லாம மாட்டினீங்க. எனக்கு வேற இடம் வேணாம். நீங்க ஊத்தினதுதானே அண்ணன், நீங்களே போய்க் கழுவிட்டு வாங்க."

கல்லாற்றில ஒரு சுத்து

அடுத்த நாள் விடிய, அரைத் தகரம் எண்ணெயும், கறையான் தின்ற பழைய நிலையில ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு கல்லாற்றுக்குப் போனன். நடராசா வாத்தியார் விறாந்தையில கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவேயில்லை. செல்லம்மா வளவுக்குள்ள என்னை விடல்ல. படலைக்கு வெளியிலயே நிண்டு எல்லாத்தையும் ஒப்புக்கொண்டன். கறையான், நிலை, சத்தியம், ஒண்டும் மறைக்கல்ல. "கறையானாம் கறையான்! அண்டைக்கு அந்தச் சொல்லு எங்க போனது?" எண்டு கேட்டா.

சரி, கண்ணால பார்க்கட்டும் எண்டு, படலையடி மண்ணில எண்ணெயை வட்டமா ஊத்தினன். நடுவில மரத்துண்டைத் தட்டினன். கறையான் பொலபொலவெண்டு கொட்டிச்சு. நாலு பக்கமும் ஓடி, கோட்டுக்குக் கிட்ட வந்ததும் முகம் திருப்பிக் கிறுகி, திரும்ப ஓடி, திரும்பக் கிறுகிச்சு. ஒண்டு தாண்டல்ல. "பார்த்தீங்களா அம்மா!" எண்டு நெஞ்சை நிமிர்த்தினன். செல்லம்மா குந்தியிருந்து கன நேரம் பார்த்தா. "உள்ள இருக்கிறது ஒண்டும் வெளிய போகுதில்லையே" எண்டா. "போகாதம்மா!" எண்டன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடிச்சன். ஐயோ, நானே என்ட வாயால மருந்துதான் எண்டு ருசுப்பிச்சுப் போட்டன்!

ஆனா அவ ஏசல்ல. சேலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சா. "இவன்ட அப்பா போன பிறகு இந்த வீட்டில நானும் இவனும்தான். கலியாணம் முடிச்சால் அங்க போயிருவான். அது முறைதானே, நான் மறிக்கல்ல. போனவன் இந்தப் பக்கம் கிறுகிப் பார்ப்பானா எண்டதுதான் தம்பி எனக்கு" எண்டா. இவ்வளவு நேரமும் நான் பதில் சொன்னது கறையானைப் பற்றி. மனிசி கேட்டது மகனைப் பற்றி.

"இல்லம்மா, இது உண்மையாவே கறையானுக்குத்தான்..." எண்டு தொடங்கினன். விறாந்தையில இருந்து வாத்தியார் முதல் தரமாத் தலையை நிமிர்த்தி, தங்கட வாசல் நிலையில விரலால தட்டிக் காட்டினார். டொக்கெண்டு உள்ளால கறையான் தின்ற பொள்ளல். அப்ப அங்கயும் எனக்கு வேலை இருக்கு எண்டு வாயை மூடிற்றன். செல்லம்மா படலையைத் திறந்துவிட்டுச் சொன்னா: "எங்கட வீட்டையும் சுத்தி ஊத்து தம்பி. நாலு கட்டையும் வையி, 'செ' எண்டு வெட்டி. அங்க ஊத்தினதை விட ஒரு பேணி கூட."

ஆவணியில கலியாணம் நடந்தது. வாத்தியார் இருக்கிறது களுவாஞ்சிக்குடியில, பள்ளிக்கூடம் கல்லாற்றில. அதால மத்தியானச் சோறு ஒவ்வொரு நாளும் தாய் கையால, ராச்சோறு பூரணத்துட கையால. பிறகு சந்தையில கண்மணியக்காவைக் கண்டன். "மருந்து நல்லாக் கேட்டிருக்கு" எண்டா, புது நிலையைச் சொல்லுறா. கொஞ்சம் தள்ளிச் செல்லம்மாவைக் கண்டன். அவ என்னை ஒரு பக்கமாக் கூப்பிட்டு, காதுக்குள்ள சொன்னா: "அந்த ஒரு பேணிதான் தம்பி வேலை செய்யுது."

இத்தனை வருசம் நான் ஊத்தின மருந்து கறையானுக்கு எவ்வளவு கேட்டுது எண்டு கறையானைத்தான் கேட்கவேணும், எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சு அது கேட்டது ஒரு நாய்க்கும் ஒரு மாமியாருக்கும்தான்.