இளநீருக்கு மட்டும் தடை இல்லை

நோயாளியைப் பார்க்க இளநீரோடு வருபவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அன்பாகத்தான் கொண்டுவருகிறார்கள், தெரியும். அன்பு என்ற பெயரில் எதையும் வாய்க்குள் ஊற்றலாம் என்றால் நான் எதற்கு வைத்தியம் படித்தேன்?

எழுபதுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் இளம் டொக்டராக இருந்தேன். புடையன் பாம்பு கடித்து, உயிர் தப்பி, ஆனால் சிறுநீரகம் நின்றுபோனவர்களைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. எத்தனை முறை கேட்டு எழுதினாலும் கொழும்பு வாயைத் திறக்காது. அதனால் வயிற்றில் குழாய் செருகி, போத்தல் மருந்துநீரை உள்ளே விட்டு, கழிவு அதில் ஊறியதும் வெளியே வடியவிடுவோம். திரும்பத் திரும்ப அதே வேலை. நின்ற சிறுநீரகம் பெரும்பாலும் சில கிழமைகளில் தானாக விழித்துக்கொள்ளும். அதுவரை ஆளைச் சாகவிடாமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிறுநீர் போகாதவரின் உடம்பில் பொட்டாசியம் தேங்கினால் இருதயம் நின்றுவிடும். அது எதில் எவ்வளவு இருக்கிறது என்று எங்கள் சாப்பாடுகளை ஆய்வுகூடத்தில் ஒவ்வொன்றாக அளந்தேன். இளநீரில் இருந்த அளவைப் பார்த்துத் திடுக்கிட்டு, பெரிய டொக்டரிடம் ஓடினேன். இங்கிலாந்தில் படித்து வந்த யாழ்ப்பாணத்து மனிதர் அவர்.

“நீர் உதை எந்தப் புத்தகத்திலை வாசிச்சனீர்?”

“வாசிக்கேல்லை சேர். அளந்தனான்.”

“இளநீர் குடிச்சு ஆர் செத்தது? எங்கடை அம்மா காய்ச்சலுக்கும் அதைத்தான் தந்தவ.”

ஆரஞ்சுச் சாற்றையும் சொக்கிலேட்டையும் மட்டும் அவர் கண்டிப்பாகத் தடுத்திருந்தார். இங்கிலாந்துப் புத்தகத்தில் அவைதான் இருந்தன. எங்கள் வார்டில் சொக்கிலேட்டைக் கண்ணால் கண்டவர் யார்? புத்தகத்துக்கு வெள்ளைக்காரன், மிச்சத்துக்கு அம்மா. நான் அளந்தது அவர் கணக்கில் எங்கேயும் சேரவில்லை.

அந்த நாட்களில்தான் கரவெட்டியிலிருந்து ஒரு வெங்காயத் தோட்டக்காரரைக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் பாய்ச்சும்போது புடையன் கடித்திருந்தது. வயிற்றில் குழாயோடு கிடந்தவர் ஓயாமல் தாகம் தாகம் என்றார். அவருடைய மனைவி ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைப்பார். தண்ணீரும் அளவோடுதான், இளநீர் அறவே கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அந்த அம்மா என்னை முறைப்பார், ஆனால் சொன்னபடி நடந்தார்.

ஒரு காலை அவரே ஓடிவந்தார். “பிள்ளை, சலம் போகுது!”

சிறுநீர்ப் போத்தலில் கொஞ்சம் மஞ்சள் நீர். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வயிற்றுக் குழாயை எடுத்தோம். சிறுநீரகம் இன்னும் அரைத் தூக்கத்தில்தான் இருந்தது. இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். அன்று பின்னேரமே செய்தி கேட்ட உறவினர் கிணற்றடித் தென்னையின் செவ்விளநீர்க் குலையோடு வந்து நின்றார்கள். நான் மறித்தேன். அந்த அம்மா, வார்டைச் சுற்றி வந்த பெரிய டொக்டரிடம் நேரே போனார்.

“ஐயா, மனுசன் தவிச்சுப்போய்க் கிடக்குது. ஒரு இளநீர் குடுக்கலாமோ?”

“இளநீரோ? ஓம், ஓம், தாராளமாய்க் குடுங்கோ. குளிர்ச்சி.”

“சேர், குடுத்தா இருதயம் நிண்டுபோம்!” என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

“நீர் சும்மா இரும். வெளிநோயாளர் பகுதியிலை ஆள் காணாதாம், அங்கை போம்” என்று என்னை வார்டை விட்டே அனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் அந்தத் தோட்டக்காரரின் இருதயம் நின்றது. கட்டிலுக்குக் கீழே வெறும் இளநீர்க் கோம்பைகள் கிடந்தன. “விஷம் இருதயத்துக்கு ஏறிட்டுது” என்று பெரிய டொக்டர் உறவினரிடம் சொன்னார். அவர் அதை உண்மையாகவே நம்பினார். பொய் என்று தெரிந்து சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திராது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் கரவெட்டிக்குப் போனேன். நடந்ததை அந்த அம்மாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

“நீங்கள் மறிச்சனீங்கள், பிள்ளை. அந்தப் பெரிய டொக்டர் இல்லாட்டி மனுசன் தவிச்ச வாயோடை போயிருக்கும். என்ரை கையாலை வாங்கிக் குடிச்சிட்டு, ‘இப்பதான் உயிர் வந்தது’ எண்டவர். அதை நினைச்சுத்தான் ரெண்டு வாய் சாப்பிடுறன்.”

இளநீர்தான் அவரைக் கொன்றது என்று சொன்னால் அந்த இரண்டு வாய்ச் சோறும் போய்விடும். பெரிய டொக்டருக்கு இந்த வீட்டில் கிடைத்த நன்றியை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

அந்த அம்மா கிணற்றடிக்குப் போய் ஒரு செவ்விளநீர் வெட்டிக்கொண்டு வந்தார்.

“வெயிலுக்குள்ளாலை வந்தனீங்கள். குடியுங்கோ.”

கோபத்தோடுதான் கையில் வாங்கினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.